பூச்சியத்துக்கு வந்த வயர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் சரவணைக் கிராமத்திலிருந்து ஒரு சங்கீத ரீச்சர் அக்கா வந்து, வீட்டிலிருந்த தன்னுடைய பழைய மின்சார ஓகன் வாத்தியத்தைப் பார்க்கச் சொன்னார். கலியாண வீடுகளில் அவர் வாசிக்க, அவருடைய கணவர், எனக்கு அண்ணை, பாடுவார். உப்புக் காற்றில் கட்டைகளுக்குக் கீழிருந்த தொடுப்புகள் பச்சை பிடித்து, பாதி வேலை செய்யவில்லை. போன கலியாணத்தில் மேல் சுரத்தில் அண்ணையின் குரல் உடைந்து சனம் சிரித்துவிட்டது.

"ஓகன் ஊமையா நிண்டா நான் எப்பிடிப் பாடுறது?" என்றார் அண்ணை. "வாற புளியங்கூடல் கலியாணத்திலையும் இப்பிடி நடந்தா, இனி வாயே திறக்கமாட்டன்."

அவர் இனிப் பாடுவதும் பாடாததும் என் கையில் என்றாகிவிட்டது.

அக்காவின் தம்பி சுவிசிலிருந்து ஒரு சின்னக் கீபோர்ட்டும் ஒரு மிடிப் பலகையும் அனுப்பியிருந்தார். கீபோர்ட்டின் சத்தம் காதுக்குள் நுளம்பு இரைவது மாதிரி. ஆனால் மிடி வயரில் சத்தம் போகாது; எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற செய்திதான் போகும். பலகை அதை வாசித்து, கட்டைக்கு ஒரு வயராக வெளியே தரும். அந்த வயரை நாலாயிரத்து அறுபத்தாறு என்ற சிப்பில் கொடுத்தால், உள்ளே இருக்கும் நாலு சுவிச்சில் ஒன்று அசையாமலே மூடும். அதை ஓகனின் பழுதான தொடுப்புக்குப் பதிலாகக் கட்டிவிட்டால், புதுக் கீபோர்ட்டை வாசிக்கப் பழைய ஓகன் முழங்கும். நாற்பத்தெட்டுக் கட்டைக்குப் பன்னிரண்டு சிப்.

உடம்பிலுள்ள மின்சாரம் பட்டாலே சிப் செத்துவிடும் என்று, சிப்போடு அக்காவின் தம்பி அனுப்பிய கடிதத்தில் இருந்தது. நான் மணிக்கட்டில் செப்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை யன்னலால் விட்டுக் கிணற்றடியில் புதைத்தேன்.

"என்ன தம்பி, கௌரி விரதக் காப்போ?" என்றார் அண்ணை. "கிணத்துக்கும் சேர்த்தெல்லோ கட்டியிருக்கிறீர்!"

"இல்லை அண்ணை, சிப் செத்துப்போகும்."

"நீர் சாகாட்டிச் சரி."

பலகையிலிருந்து வந்த வயர்களின் இலக்கம் பூச்சியத்தில் தொடங்கியது. பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்றுதான் நான் படித்த வகுப்புவரை சொல்லித்தந்தார்கள். அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றாம் வயரை ஓகனின் முதற்கட்டைக்குக் கொடுத்தேன். முடிவில் மேலே ஒரு கட்டைக்கு வயர் இல்லை. பலகை செய்த சுவிஸ்காரன் எண்ணும்போது பிழைவிட்டிருக்கிறான், பாவம், வேலை போகப்போகிறதே என்று அவனுக்காகவும் கவலைப்பட்டேன்.

சுருதியையும் நாங்கள் கட்டையில்தான் எண்ணுவோம்: முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை. அண்ணைக்கு எப்போதும் ஒன்றரைக் கட்டை. அக்கா அந்தக் கறுப்புக் கட்டையை அழுத்த, ஓகன் முழங்கியது. அவருடைய விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அண்ணையைப் பாடச் சொன்னார். போன முறை உடைந்த இடத்தை அவருடைய குரல் படியேறுவதுபோல ஏறிக் கடந்தது. அண்ணைக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வெற்றிலை வாங்கச் சந்திக்குப் போனார்.

"தம்பி, அரைக்கட்டை இறங்கியிருக்கு," என்றார் அக்கா.

"ஐயோ, அந்தப் பூச்சியம்! எல்லாக் கட்டையும் ஒண்டு தள்ளிக் கீழ்க் கட்டையின்ர சத்தத்தைத் தருது. இப்பவே மாத்திறன் அக்கா."

"கையை எடும்! குறைச்சுப் பாடுங்கோ எண்டு எத்தினை வருசமாக் கெஞ்சிறன். ஒண்டரைக்குக் கீழை பாடினா மரியாதையோ எண்டு கேக்கிற மனிசன். பேசாமல் மூடியைப் பூட்டும்."

புளியங்கூடலில் அண்ணை பாடினார். யாரும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளையின் தகப்பன் இன்னொரு பாட்டுக் கேட்டார். நான் ஓகனுக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நாதஸ்வரக்காரர் காதைச் சரித்தபடி கிட்ட வந்தார்.

"அண்ணை, ஒரு கட்டையோ?"

"ஒண்டரை ஐசே, ஒண்டரை!"

நாதஸ்வரக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் ஓம், ஒண்டரைதான்," என்றார் அவர். "என்ர குழலிலைதான் ஏதோ பிழை."

"குழலைத் திருத்த ஏலாட்டி இவரிட்டைக் குடும்," என்று அண்ணை என்னைக் காட்டிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார்.