மாமியார் என் ஆலோசகரை மடக்கியபோது

இன்று மாமியாருடன் ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடைக்குப் போனேன். அங்கே என் உளவள ஆலோசகர் நின்றார். வெளியில் கண்டால், நானாகப் பேசாதவரை அவர் என்னைத் தெரிந்ததாகவே காட்டமாட்டார்.

அவர் ஆர் என்று ஏற்கெனவே தெரிந்திருந்த மாமியார் விடவில்லை.

"என்ரை மருமகள் உங்களிட்டைத்தானே கவுன்சிலிங்குக்கு வாறவள்? என்ன சொல்லுறவள்?"

"ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை அம்மா. நாளைக்கு நீங்கள் வந்தாலும் அப்பிடித்தான்."

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைப் பைத்தியம் என்று சொந்தம் முழுக்கச் சொல்லித் திரிந்த மாமியாரின் முகம் செத்துப்போயிற்று. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

காசு வாங்கும் அக்கா என் பக்கம் குனிந்தார். "மாமியும் கவுன்சிலிங்குக்குப் போறாவோ?"

வாய்வரை வந்த 'இல்லை'யை விழுங்கினேன்.

"அதெல்லாம் வெளியில சொல்ல ஏலாது அக்கா."

அந்த அக்காவின் வாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?