வாயை மட்டும் அசை கண்ணு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு பீரியடு வாரத்துக்கு இரண்டு. அந்த இரண்டின் மேலும் கணக்கு வாத்தியாருக்கு ஒரு கண். மழை பெய்தாலும் சரி, பரீட்சை வந்தாலும் சரி, எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் சரி, "ஏனுங்க டீச்சர், இன்னிக்கு உங்க பீரியட நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று வாசலில் வந்து நிற்பார். கையில் சாக்பீஸ் தயாராக இருக்கும். பாட்டுப் பாடி யார் பாஸானார்கள் என்பது அவருடைய கேள்வி. கணக்குப் போட்டு யார் சிரித்தார்கள் என்பது என்னுடையது. தலைமையாசிரியை எங்கள் இருவரையும் பார்த்து நடுநிலையாகப் புன்னகைப்பார். அவர் முடிவெடுக்கும் முறை அதுதான்.

ஊரடங்கு வந்து பள்ளியைப் பூட்டினார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த கணக்கு வாத்தியாருக்கு அவல் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டு எதற்கு என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். அன்றைக்கென்று தலைமையாசிரியை புன்னகைக்காமல் முடிவெடுத்தார். சேர்ந்திசைக் குழுவில் இருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளும் வீட்டிலிருந்தே பழக வேண்டும். பள்ளி திறந்ததும் நடக்கும் விழாவில் தாளாளர் முன்னால் பாட வேண்டும். பாடினால் பீரியடு எனக்கு, இல்லையென்றால் இரண்டும் கணக்குக்கு. எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று பாட்டையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மணியும் அடித்தது பள்ளியிலே
மகிழ்ந்து வந்தோம் துள்ளியிலே

'துள்ளியிலே' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வேலையில் இருக்க வேண்டும் அல்லவா.

நான் எங்கள் மலையூரில் ஒண்டிக்கடை என்கிற சந்திப்பில், ஒரு துணிக்கடைக்கு மேலே குடியிருக்கிறேன். ரவை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, கட்டில்மேல் ஆர்மோனியத்தை வைத்து முதல் ஆன்லைன் வகுப்பை ஆரம்பித்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லாரும் பாடினார்கள். அவரவர் வீட்டு சிக்னலுக்குத் தகுந்தபடி பாடினார்கள். முதல் வரியை ஒருத்தி முடிக்கும்போது இன்னொருத்தி ஆரம்பித்தாள். நடுவில் யாருடைய அப்பாவோ, "பால்காரன் வந்துட்டானா பாரு" என்றார். கீழேயிருந்து துணிக்கடைக்காரர் மேலே ஓடிவந்து, "ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டார். வகுப்பை மேற்பார்வையிட வந்த தலைமையாசிரியை, இனி எல்லாப் பிள்ளைகளும் மியூட்டில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஆக, பாட்டு வகுப்பில் சத்தம் தடைசெய்யப்பட்டது. நான் பாடுவேன், வாசிப்பேன், கையை ஆட்டுவேன். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருபத்திரண்டு வாய்கள் திறந்து மூடும். சத்தமே இல்லாத சேர்ந்திசையை உலகத்திலேயே முதலில் நடத்தியவள் நானாகத்தான் இருப்பேன். விருது எதுவும் வரவில்லை.

அந்த வாய்களிலேயே அருமையான வாய் ஒன்று இருந்தது. தலைச்சோலை என்கிற மலைக்கிராமத்துப் பெண்; நாலாம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் காப்பி எஸ்டேட்டில் வேலை. 'ஓ' வந்தால் வாய் உருண்டையாகும், 'ஈ' வந்தால் பல்வரிசை தெரியும். ஓர் எழுத்து பிசகாது. "எல்லாரும் இவளப் பாருங்க கண்ணுகளா, வாய் இப்படித் தொறக்கோணும்" என்று நானே பாராட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எஸ்டேட் வேலை மறுபடி ஆரம்பித்தது. வீட்டுக்கு ஒரு போன்; அது வேலைக்குப் போகிறவர்களோடு கிளம்பிவிட்டது. பகல் வகுப்பில் பாதிக் கட்டங்கள் காலி. சரி, சாயங்காலம் பாடி வாய்ஸ் மெசேஜாகக் குரூப்பில் போடுங்கள் என்றேன். வந்து குவிந்தன. ஒன்றில் குக்கர் விசில்தான் பிரதானம், பாட்டு பக்கவாத்தியம். ஒருவன் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடித் தள்ளினான். முடித்தால்தான் கேம் விளையாட போன் கிடைக்குமாம். ஒருத்தி பீரோவுக்குள் உட்கார்ந்து பாடி அனுப்பினாள். "எக்கோ வருமுங்க மிஸ்."

தலைச்சோலைப் பெண்ணின் மெசேஜைத் திறந்தேன். அசந்துபோனேன். நிதானமான, அழுத்தமான குரல். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. மூன்று முறை கேட்டேன். வயசுக்கு மீறிய குரலாக இருக்கிறதே என்று எந்த மூளையுள்ளவளுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது வேறு: என் பயிற்சியில் பிள்ளைக்குக் குரல் எப்படிப் பக்குவப்பட்டுவிட்டது! குரூப்பில் பாராட்டினேன். தலைமையாசிரியைக்கு அனுப்பினேன். கேட்காமலே கணக்கு வாத்தியாருக்கும் அனுப்பினேன். பாட்டின் நடுவில் தனியாக ஒருவர் பாடவேண்டிய இரண்டு வரிகளை அவளுக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று.

பூட்டிய கதவும் திறந்ததடி
பூங்குயில் வாயும் திறந்ததடி

அடுத்த வருஷம்தான், பள்ளி திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தனி வரிகளை நேரில் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைச்சோலைக்கு பஸ் ஏறினேன். பெற்றோரிடம் நாலு நல்ல வார்த்தை வாங்கலாம் என்ற நப்பாசையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அம்மா வீட்டில் இருந்தார். முப்பதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகளை எதிரே நிறுத்தி, "பாடு கண்ணு" என்றேன். பாடினாள். அதாவது, வாய் திறந்தது, உருண்டது, மூடியது. சத்தம் இல்லை. ஒன்றரை வருஷப் பழக்கதோஷம், "உன் சத்தம் கேக்கல கண்ணு, மியூட்ட எடு" என்று சொல்லியேவிட்டேன். நேரில், மூன்றடி தூரத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், அடுப்படிக் கதவோரமிருந்து பாட்டு வந்தது. அதே குரல். நிதானமான, அழுத்தமான குரல். முன்னால் மகளின் வாய் அசைகிறது, பின்னால் அம்மாவின் குரல் வருகிறது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நன்றாகப் பழகியிருந்தார்கள்.

"என்னங்க இது?" என்றேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க டீச்சர். இவளப் பாடச் சொன்னா, மிஸ் என்னைய வாய மட்டும்தான் அசைக்கச் சொல்லியிருக்காங்கங்கறாளுங்க. அப்ப சத்தம் வேற யாராச்சும் குடுக்கோணுமில்லீங்களா? செல்லு என்ற கையிலதான இருக்குதுங்க. நீங்க அனுப்பின பாட்டக் கேட்டுக் கேட்டு, காப்பிப் பழம் பறிக்கையில நானும் படிச்சுக்கிட்டனுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நொம்பத் தப்புங்களா?"

"நான் எப்பச் சொன்னேன்?" என்று பிள்ளையைக் கேட்டேன். அதட்டலாகத்தான் கேட்டேன்.

"மூணாப்புல, ஆண்டு விழாவுக்குங்க மிஸ். நான் மறக்கலீங்க."

நான் மறந்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் காதை வைத்துக்கொண்டு நடப்பேன். சுருதி சேராத மூன்று நான்கு பேரின் தோளைத் தட்டி, "நீ வாய மட்டும் அசை கண்ணு, சத்தம் வேண்டாம்" என்பேன். குழுவை விட்டுத் துரத்தவில்லை பாருங்கள், எவ்வளவு நல்லவள். வருஷாவருஷம் செய்தேன். எந்தப் பிள்ளை என்றுகூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அழுகையை விட எரிச்சல் அதிகம் வந்தது. அந்த அம்மாவின் குரல் கீழே இருக்கிற குரல். மகளுக்கும் அங்கேதான் இருக்கும். நானோ கீச்சுக் குரல் பிள்ளைகள் நாலு பேருக்காக ஆர்மோனியத்தை ஐந்தரைக் கட்டையில் உச்சத்தில் வைத்துக்கொண்டு, எட்டாத பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய், கூடத்தையே வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளி திறந்தது. விழாவுக்கு ஒரு வாரம். அவளைத் தனியே கூப்பிட்டு, "அன்னிக்கு மிஸ் சொன்னது தப்பு சாமி. சத்தம் போட்டுப் பாடோணும்" என்றேன். "சரிங்க மிஸ்" என்றாள். சுருதியை நாலு கட்டைக்கு இறக்கினேன். கீச்சுக் குரல்கள் புகார் செய்தன, செய்யட்டும். அவள் முறை வந்ததும் மாஸ்க் மட்டும் ஒழுங்காக அசைந்தது. ஐந்து நாளும் அசைந்தது. தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "வேற புள்ளைக்குக் குடுத்துருங்க டீச்சர், வம்பு எதுக்குங்க" என்றார். கணக்கு வாத்தியார் கால அட்டவணையில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "முடியாதுங்க, அவதான் பாடுவா" என்றேன். பீரியடு போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு.

விழாவன்று மைதானத்தில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் இருபத்திரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். நாற்காலியில் தாளாளர். கம்பிவேலிக்கு வெளியே பெற்றோர். அவள் அம்மாவும் வேலையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். எல்லாரும் துள்ளியிலே பாடினார்கள். தனி வரி வந்தது. மற்றவர்கள் நிறுத்தினார்கள். ஆர்மோனியம் மட்டும் அந்த இரண்டு வரியையும் வாசித்து முடித்தது. மாஸ்க் அசைந்தது.

நான் அடுத்த வரிக்குப் போகவில்லை. அதே இரண்டு வரியை மறுபடி வாசித்தேன். மாஸ்க் அசைந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். வேலியோரம் அந்த அம்மா தன் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, மகளைக் காப்பாற்றப் பாடுவதற்கு வாயைத் திறந்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் சத்தத்தை விழுங்கிக்கொண்டார். ஆனால் வாயை மூடவில்லை. மூன்றாம் முறை நான் வாசித்தபோது, வேலிக்கு வெளியே அம்மா சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். பிள்ளை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வாயசைத்தால் இன்னொருவர் சத்தம் கொடுக்க வேண்டும். அதுதானே அவர்கள் வீட்டு முறை.

சத்தம் வந்தது. முதல் வரி கொஞ்சம் தடுமாறியது, இரண்டாவது நின்றது. அம்மாவின் குரலேதான், அளவில் சின்னது.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை, "ஒரே வரிய மூணு தடவைங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, நடுநிலையாகப் புன்னகைத்து, ஒரு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தார். இன்னொன்று எனக்கு மிஞ்சியது. கணக்கு வாத்தியாரிடம் சொல்வதற்குச் சூடாக ஒரு பதில் தயார் செய்துகொண்டு ஆர்மோனியத்தை மூடினேன்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கைகளைக் கட்டியிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மிஸ், தெரியாம சத்தம் வந்துருச்சுங்க மிஸ்."

ஊரில் எல்லாருக்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். மாஸ்க்குக்குள் என் வாய் அசைந்தது. சத்தம்தான் வரவில்லை.