எதுவரை வெட்டினார்

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையில் எனக்கு வேலை. புண்ணுக்கு வெறும் கட்டு மாற்றினால் இன்சூரன்ஸ் கிடைக்காது. ஒரு நாள் முழுக்க உள்ளே படுத்தால் கிடைக்கும். மரத்துப்போக ஊசி போட்டுச் செத்த சதையை வெட்டி எடுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் எதுவரை வெட்டினார் என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். இதைத் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன மழைக்காலத்தில் பொழியூரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் வந்தார். சர்க்கரை நோயாளி; வலது பாதத்தில் புண். காலையில் தியேட்டரில் சுத்தம் செய்து வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே என் மேசைக்கு வந்துவிட்டார்.

"எனக்க பேரை வெட்டித் தா மக்கா. வீட்டுக்குப் போணும்." டிஸ்சார்ஜைத்தான் அப்படிக் கேட்டார்.

"இப்பம் போனா இன்சூரன்ஸ் கிட்டாது அண்ணா. நாளைக்குக் காலத்தே போலாம்."

"கடலு நாளைக்கு வரைக்கும் காத்து நிக்காது. அவ ஒத்தைக்காக்கும் வீட்டுச் சாமானத்தை எடுத்து மாத்திட்டு இருக்கா."

மனைவி அனுப்பிய வீடியோவைக் காட்டினார். அடுக்களைச் சுவரில் அலை மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 'புண் சுத்தம் செய்து கட்டப்பட்டது' என்று மட்டும் இருந்தது. தியேட்டர் சிஸ்டரைக் கூப்பிட்டேன். தசை வரைக்கும் வெட்டியதாகச் சொன்னார். அவர் சொன்னால் போதாது, டாக்டர் எழுத வேண்டும். டாக்டரோ அடுத்த ஆபரேஷனில் இருந்தார். மாடிக்கும் மேசைக்குமாக நடந்தேன். கீழே வரும்போதெல்லாம் மீன்பிடிக்காரர் வாசலைப் பார்த்தபடி நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, உடனே எழுந்தார்.

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். "நான் எழுதல்லையா?" என்றவர், நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோது மீன்பிடிக்காரரின் போன் அடித்தது. கேட்டார். வாசலில் நின்ற ஆட்டோவை நோக்கி நடந்தார்.

"அண்ணா, உப்புவெள்ளத்துல கால் வைக்கப்பிடாது."

"வைக்க மாட்டேன் மக்கா."

அவர் போன பிறகுதான் அனுமதி வந்தது. சொல்லலாம் என்று கூப்பிட்டபோது மனைவி எடுத்தார். "கட்டு எல்லாம் நனைஞ்சு போச்சு. கட்டிலைச் சொமந்துட்டு நிக்கியாரு. சொன்னா கேட்டாத்தானே."

"இப்பமே கூட்டிட்டு வாங்க அக்கா," என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள், நல்ல காய்ச்சலோடு. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. அடுக்களை போய்விட்டது.

இப்போது கடலை விட்டுத் தள்ளி, ஆரியங்கோட்டுப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். புண் ஆறிவிட்டது. சர்க்கரைக்கு மருந்து வாங்க மனைவி மட்டும் வருகிறார். போன வாரம் அவரைப் பற்றி விசாரித்தேன்.

"வீட்டுல இருப்புக் கொள்ளல்ல அவருக்கு. வெடிஞ்சா பஸ் ஏறிக் கடலைப் பாக்கப் போயிடுவாரு," என்றார்.