பனிக்குப் போர்த்திய துணி

மூன்று வருடங்களாக, பாடசாலை விட்டு வந்த பிறகு ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் எழுதப்பட்டு, ஆங்கிலத்துக்குப் போய், என் வழியாகத் தமிழுக்கு வரவேண்டிய கதை. ஆல்ப்ஸ் மலையில் வருடா வருடம் உருகிச் சுருங்கும் ஒரு பனியாற்றையும் அதன் கீழே வாழும் குடும்பத்தையும் பற்றியது. நான் பதுளையில் பிறந்து ஹாலிஎலயில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். பனி என்றால் எனக்குக் காலையில் தேயிலை மலையை மறைக்கும் மூட்டம்தான். ஆறாக உறைந்து கிடக்கும் பனியைக் கண்டதில்லை.

ஏழாம் அத்தியாயத்தில், கோடை வந்ததும் ஊரார் பனியாற்றுக்குப் போர்வை போர்த்தினார்கள் என்று ஒரு வரி வந்தது. ஏதோ அலங்காரமான பேச்சு என்று நினைத்து, 'வெண்பனி மலையைப் போர்வையாய் மூடியிருந்தது' என்று எழுதிவைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமும் பட்டேன். நாற்பது பக்கம் தாண்டியபோது, கதையில் வரும் மகள் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி அந்தப் போர்வையில் ஒரு துண்டை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பேனாவை வைத்துவிட்டேன். அது உண்மையான போர்வை.

கைபேசியில் தேடிப் பார்த்தேன். படங்கள் வந்தன. சாம்பல் நிறப் பாறைகளுக்கு நடுவே, மலைச்சரிவு முழுக்க வெள்ளைத் துணி. சென்னையில் இருந்த பதிப்பாசிரியரிடம் என் தவறைச் சொன்னேன்.

"வெள்ளைத் துணின்னு போட்டுருங்க மேடம். வாசகருக்கு அது போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. என்ன மாதிரித் துணி? கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு மாதிரித் தடித்ததா? மேலே நடந்தால் வழுக்குமா? போர்வை போர்த்தினால் சூடல்லவா ஏறும்? ஆசிரியர் அறையில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹல்துமுல்லையில ஒரு அக்கா இருக்கிறா. இத்தாலியில மலைப்பக்கம் வேலை செய்திட்டு வந்தவா. நான் அங்க படிப்பிச்ச காலத்தில அவவின்ர மகள் என்னட்டப் படிச்சவள். கேட்டுப் பாருங்கோவன்."

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். அந்த அக்காவின் வீடு தோட்டத்து ரோட்டின் ஓரத்தில் இருந்தது. முன் அறையில் இரண்டு தையல் மெஷின்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பதுளைப் பக்கம் ஒரு கார்மெண்டில் தைத்துவிட்டு, பிறகு இத்தாலிக்குப் போய் ஆறு வருடம் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டவர். அவர் இறந்ததும் ஊர் திரும்பியிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

"பாத்திருக்கேங்க டீச்சர். தொட்டும் பாத்திருக்கேன். அந்தத் தாத்தா சின்ன வயசுல அந்தப் பனியில சறுக்கி வெளையாடுனவரு. ஒரு கோடைக்கு அவரு மகன் எங்க ரெண்டு பேரையும் கேபிள் கார்ல மேல கூட்டிக்கிட்டுப் போனாரு."

"எப்படி இருந்தது அக்கா, துணி?"

"தறியில நெஞ்ச துணி இல்லைங்க. கம்பளிய அமுக்கி வெச்ச மாதிரி. பாய் பாயா விரிச்சு, ஓரத்த ஒண்ணோட ஒண்ணு மெஷின்ல தச்சிருக்காங்க. காத்து தூக்காம மணல் மூட்ட வெச்சிருந்தாங்க. நா தையலத்தான் மொதல்ல பாத்தேன். நேராவே இல்ல."

இருவரும் சிரித்தோம். போர்த்தினால் சூடு ஏறாதா என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக எதிர்மலையைக் காட்டினார். அங்கே கவ்வாத்து வெட்டிய தேயிலை மொட்டையாக நின்றது. ஒவ்வொரு செடியின் மேலும், வெட்டிய கிளைகளும் குச்சிகளுமான மிலாறைப் பரப்பியிருந்தார்கள்.

"அது எதுக்கு போடுறாங்க? வெட்டுன மரம் வெயில்ல கருகாம இருக்கத்தானே. அங்கயும் அதே கதைதாங்க. வெள்ளத் துணி வெயில திருப்பி அனுப்பிருது. உள்ள இருக்கிற குளிர் உள்ளயே நிக்கிது. ஆனா இந்தத் தடவ எங்க வீட்டுக்காரரு வேல செய்யிற மலையில மிலாறு போட்டும் பாதி கருகிப்போச்சு. மழ வரவேண்டிய மாசத்துல வரலயே."

"அங்கே?"

"அங்கயும் முழுசா நிக்கலைங்க. துணிக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. தாத்தா ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஒங்க ஊர்ல ஐஸ் இருக்கான்னு கேட்டாரு. பிரிட்ஜ்ல இருக்குன்னேன்."

அக்கா சிரித்தார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுந்து போய்த் தேநீர் போட்டு வர நேரம் எடுத்துக்கொண்டார். தட்டோடு வந்தபோது, "நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். அமுக்கிய கம்பளி, தைத்த ஓரம், மணல் மூட்டை எல்லாம் ஆங்கிலத்திலேயே அங்கங்கே ஒவ்வொரு சொல்லாக இருந்தன. பொருள் பிடிபடாமல் நான்தான் அவற்றை மழுப்பி எழுதியிருந்தேன்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை ஹல்துமுல்லைக்கு அனுப்பினேன். எட்டாம் வகுப்போடு நின்றவர், படிப்பாரோ என்னவோ என்று நான் சந்தேகப்பட்டதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது.

"படிச்சு முடிச்சிட்டேங்க டீச்சர். இதுல வர்ற தாத்தா ரொம்பப் பேசுறாரு. எங்க தாத்தா அவ்வளவு பேசமாட்டாரு. அது போகட்டும், ஒண்ணு கேக்கணும். செப்டம்பர் வந்தா அந்தத் துணிய எடுத்துருவாங்க. புதுப் பனி விழணுமில்ல? கதையில குளிர்காலம் வருது, துணிய எடுக்கவே இல்லையே. நீங்க விட்டுட்டீங்களா?"

ஆங்கிலப் பிரதியை எடுத்துக் கடைசி மூன்று அத்தியாயங்களையும் வரி வரியாகப் பார்த்தேன். நான் விடவில்லை. எழுதியவரே மறந்துவிட்டாரா, அல்லது அந்த ஊரில் இனிப் பனியே விழாது என்பதால் வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியவில்லை. பதிப்பாசிரியர் மூலமாக இத்தாலிக்கு எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அக்கா வாரத்துக்கு ஒரு முறை அழைத்து விசாரிக்கிறார்.