தவளம் உதுமான் மண்டபத்தில் ஒரு கச்சேரி

யாழ்ப்பாணத்தில் இரவு மெயில் ஏறி, பொல்காவலையில் வண்டி மாறி, சனிக்கிழமை காலை கண்டியில் இறங்கினோம். இறங்கியதும் என் மனைவி பூரணம் சொன்ன முதல் வார்த்தை: "இஞ்சாருங்கோ, தொண்டை கட்டிப்போச்சு."

அன்று மாலை ஆறு மணிக்கு அவளுடைய முதல் கச்சேரி. இது சரிவராவிட்டால் இனிமேல் யார் முன்னாலும் பாடுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டாள். நான் ஆர்மோனியம்.

ரிக்‌ஷாக்காரன் இருபத்தைந்து சதம் வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை வாசலில் விட்டான். மேல்மாடிதான் தவளம் உதுமான் மண்டபம். பெயர்தான் மண்டபம், நூறு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். கண்டி ராசா காலத்தில் அப்படி உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றிவந்த வியாபாரி இந்த உதுமான். மாட்டுக் கொம்புகளுக்கு மஞ்சள் பூசி, தான் சிவப்புத் தலைப்பாகை கட்டி, வழி நெடுகப் பாடிக்கொண்டே வருவாராம். சிறுத்தைகூட ஒதுங்கி நின்று கேட்குமாம். அதைப் பார்த்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை.

பகல் முழுவதும் பூரணம் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தாள். "இப்ப எப்பிடி?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நீங்கள் கேக்கக் கேக்கத்தான் கூட அடைக்குது" என்றாள்.

ஆறு மணிக்குக் கதிரைகள் நிறைந்துவிட்டன. முன்னால் விரித்திருந்த பாய்கள் மட்டும் காலி. மண்டபக்காரர், உதுமானின் வம்சத்தவரான சலீம் நானா தொடங்க விடவில்லை. மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூலியாட்கள் இறங்கி வரவேண்டுமாம். நானோ மணி அடித்தால் பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளிக்கூட மாஸ்டர். பொறுக்க முடியவில்லை.

"மழை கொட்டுது, நானா. அவை வரமாட்டினம். இருக்கிற குரலும் போயிடும்."

"பதறாதீங்க, மாஸ்டர். கடேசி ஆள் வந்து சேராம உதுமான் அப்பா சோத்துல கை வெச்சதில்ல. வாறன்னு சொன்ன ஆக்கள் வராம இங்க பாட்டும் இல்ல."

கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்கே ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

ஏழு மணியாகும்போது படியில் சத்தம் கேட்டது. தலையில் சாக்குப் போட்டபடி பத்துப் பதினைந்து பேர் நனைந்து வந்தார்கள். முதலில் வந்த பெண் வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

"இன்னம் தொடங்கவே இல்ல, புள்ள. முன்னுக்கு வந்து இரிங்க" என்றார் நானா.

அந்தப் பெண் பூரணத்துக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். பூரணம் என் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். முதல் அடியில் குரல் கம்மியது. அவள் நிறுத்தவில்லை. எதிரே இருந்த முகத்தையே பார்த்துப் பாடினாள். மூன்றாம் பாட்டில் குரல் முழுதாகத் திறந்துவிட்டது.

மறுநாள் திரும்பும் ரயிலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "இனி என்ன, எங்கட கோயில் திருவிழாவிலையும் நீ பாடலாம். அங்கை எண்டால் எல்லாம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும்" என்றேன்.

"ஓம். அந்தத் தோட்டத்துப் பிள்ளை அங்கை வந்தால் மதிலுக்கு வெளியிலை நிண்டுதான் கேக்கோணும்."

நான் ஆர்மோனியப் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

"அவையளை உள்ளுக்கு விடட்டும். அதுவரைக்கும் காத்திருக்கிறன். வந்து இருந்தாப்பிறகு பாடுறன்" என்றாள்.

அந்தக் கோயிலின் தருமகர்த்தா என் தகப்பனார்.