ருக்மணியக்காவின் உப்புத் தண்ணீர்

கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். ருக்மணியக்காவோடு ரீலிங் பிரிவில் வருஷக்கணக்காக நின்று நூல் சுற்றியவர்கள் நீங்கள் இருக்கும்போது, ஆபீஸில் உட்கார்ந்து சம்பளக் கணக்குப் போடும் நான் அவரைப் பற்றி எழுதுவது சரிதானா என்றும் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் படத்தை மாட்டப்போகிறோம். அந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

அன்று காலை டைம் ஆபீஸ் போனை எடுத்தது நான்தான். "ஏனுங்க, மில்லுங்களா? காரமடையில இருந்து பேசறேனுங்க. ருக்மணியம்மாவோட தங்கச்சி பையனுங்க" என்றது குரல். அக்கா தங்கை வீட்டுக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் தங்கிவிட்டு வர நினைக்கிறார் போலும் என்று எண்ணி, "எத்தன நாளைக்குங்க லீவு?" என்று கேட்டேன். "பெரியம்மா தவறிட்டாங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆசுபத்திரி போறதுக்குள்ள..." என்றார். போனை வைத்துவிட்டு ரீலிங் பிரிவுக்குப் போனேன். என் அம்மாவும் அங்கேதான் வேலை செய்கிறார். மிஷின் சத்தத்தில் அம்மாவின் காதருகே குனிந்து சொன்னேன். அம்மா தன் மிஷினை நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக எல்லா மிஷினும் நின்றது.

அக்காவோடு நான் முதலில் பேசியது, பி.காம். முடித்து இந்த மில்லில் சேர்ந்த புதிதில். எங்கள் வீட்டில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். யாரோடும் பேசாமல் சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடித்த இடத்தில் வெள்ளைச் சதைமேல் சிவப்பாக ஒட்டியிருந்தது. சட்டென்று பழத்தைத் திருப்பிப் பிடித்தேன். எதிரே இருந்த ருக்மணியக்கா பார்த்துவிட்டார்.

"ஏங் கண்ணு, கொய்யாப்பழத்துக்குக் குங்குமம் வெச்சு உட்டிருக்கறயா?"

அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரத்தம் வருதுன்னு பல்லு வெளக்கறதையே உட்டுப்போட்டயா?"

"ஆமாங்க. வெரல்லதான் தேய்க்கறேன். பிரஷ் பட்டா ரத்தம் வருதுங்க."

"எல்லாரும் அதத்தான் செய்யறோம். நானும் அதத்தான் செஞ்சேன்" என்று சொல்லி வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. "ரத்தம் வந்தா நிறுத்தக்கூடாது கண்ணு. அழுக்கு தங்கறதாலதான் ஈறு வீங்குது, ரத்தம் வருது. மெத்துன்னு இருக்கற பிரஷ் வாங்கிக்க. ஈறும் பல்லும் சேர்ற எடத்துல பூவத் தொடற மாதிரித் தேயி. ராத்திரி படுக்கறப்பவும் தேயி. பத்துப் பதினஞ்சு நாள்ல நிக்கலைன்னா டாக்டரப் பாரு."

அவர் சொன்ன நாளுக்குள் ரத்தம் நின்றுவிட்டது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. அவரே ஒருநாள் என் கையிலிருந்த பழத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பற்கள் போன கதையை அவர் வாயாலேயே நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலைப் பொடியை ஈறில் அடக்கிக்கொள்வது ரீலிங் பெண்களிடம் அன்று சாதாரணம். காலையில் பல் விளக்குவதும் அதே பொடியில்தான். பஞ்சுத் தூசியில் வறண்ட வாய்க்கு அது இதமாக இருந்ததாம். ஈறு கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லை விட்டு விலகியது. "வலியே இல்லீங்க. அதுதான் மோசம். வலிச்சிருந்தா அன்னைக்கே துப்பியிருப்பேன்" என்பார். ஒருநாள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை எப்போதும்போல் முன்பல்லால் கடித்து இழுத்திருக்கிறார். "நூலு வரும்னு பாத்தா பல்லு வந்துருச்சு." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். மற்றொன்று அடுத்த வருஷம் போனது. அதன் பிறகுதான், நூலைப் பல்லால் கடிக்கும் பெண்களின் கையில் கத்தரியைத் திணித்துவிட்டுப் போவது அவர் வழக்கமாயிற்று.

டீ நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக் குழாயடியில் ஒரு பாத்திரம் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு உப்பு ஜாடியும் வைக்கும் வழக்கம் அவர் கேண்டீன்காரரைக் கெஞ்சி ஏற்படுத்தியது. ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு. டீ குடித்ததும் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் மிஷினுக்குப் போக வேண்டும். வரிசை நீண்டுபோனதைப் பார்த்த அன்றைய மேனேஜர் ஒருநாள் கோபமாக வந்தார்.

"என்னம்மா இது, கோயில் தீர்த்தமா? இத்தன பேரு வரிசைல நிக்கறீங்க?"

"தீர்த்தத்த முழுங்கோணும்ங்க சார். இதத் துப்போணும். அவ்வளவுதான் வித்தியாசம். நீங்களும் ஒரு டம்ளர் ஊத்திக்கறீங்களா?"

மேனேஜர் ஊற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பாத்திரத்தை எடுக்கவும் சொல்லவில்லை.

அவருக்கும் தப்பு நடந்திருக்கிறது. பல்வலி என்று அழுத ஒரு பெண்ணுக்குக் கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் வைத்துவிட்டார். ஈறு வெந்து வெளுத்துவிட்டது. மறுநாள் லீவு போட்டு, அந்தப் பெண்ணைத் தானே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு யார் என்ன கேட்டாலும், "எனக்குத் தெரிஞ்சது கொப்பளிக்கறதும் வெளக்கறதும் மட்டுந்தானுங்க. ஆடற பல்லுக்கு ஆசுபத்திரி" என்பார். கொய்யா இலைக் கஷாயமோ வேப்பங்குச்சியோ, எதைப் பற்றிக் கேட்டாலும் அந்த வாக்கியத்தைச் சேர்த்துத்தான் சொல்வார்.

என் அம்மாவும் புகையிலைப் பொடி போட்டவர்தான். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஈறு வீங்கிக் கீழ்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. நான் சொன்னால், "காலேஜுல பல்லு வெளக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்பார். இருக்கிற பல்லெல்லாம் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "அம்மணி, அந்தக் கண்ணாடிய எடுங்க" என்றார். சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒன்றாக வாயைத் திறந்து பார்த்தார்கள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"உங்களுது அந்தக் காலத்து என்னோடது மாதிரியேதான் இருக்குது அம்மணி. இங்கிருந்து பல்லு போறவரைக்கும் நான் வந்த தூரம் ரொம்ப இல்லீங்க."

அம்மா ஒரே நாளில் விடவில்லை. பொடிக்குப் பதில் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார், திரும்பவும் பொடிக்குப் போனார், மறுபடி விட்டார். ஆடிய பல்லை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மற்ற பற்கள் தங்கிவிட்டன. இன்று அம்மா கடலை உருண்டை கடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்கா நினைவுதான் வருகிறது.

அக்காவின் மகன் கல்யாணத்துக்கு அவருக்குப் பல் கட்டினார்கள். முகூர்த்தத்தன்று அழகாக இருந்தார். மறுநாள் மில்லுக்கு அது இல்லாமல் வந்தார். ஏன் என்று கேட்டேன். "ஊட்டுல போட்டுக்கறேன் கண்ணு. இங்க இதப் போட்டுட்டு நின்னா, புதுசா வர்ற புள்ளைக எதப் பாத்து நம்பும்?" என்றார். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் அவர் வாயைத் திறந்து காட்டும்போது அவர் முகத்தில் வெட்கம் இருந்து நான் பார்த்ததில்லை. சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் என் பழக்கம் அவரைப் பார்த்துத்தான் போயிற்று. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

படத்தை வாங்கிவர என்னைத்தான் ஸ்டூடியோவுக்கு அனுப்பினீர்கள். ஆயுத பூஜையன்று குழாயடியில் நின்று அவர் சிரித்த படம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடு, "முன்பல்லு ரெண்டும் டச் பண்ணி வெச்சு உட்டுட்டேனுங்க. இப்பத்தான் லட்சணமா இருக்குதுங்க" என்றார். படத்தில், பிரஷ்ஷால் வரைந்த இரண்டு வெள்ளைப் பற்களோடு வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தார். நான் எப்போதும்போல், "சரீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அக்காவின் மகனிடம் மட்டும் கேட்டேன். "எங்கம்மா ஊட்டுல இருந்த நேரத்த விட அங்க இருந்த நேரந்தான் ஜாஸ்திங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

நெகடிவ் இன்னும் ஸ்டூடியோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பிரிண்ட் போட்டுத் தருவார்களாம். குழாயடிக்கு மேலே, உப்பு ஜாடிக்கு நேராக மாட்டப்போகும் படம் அது. நாளைக்குப் புதிதாக வரும் ஒரு பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள். அவளுக்காகக் கேட்கிறேன்.

அந்த இரண்டு பற்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.