என் அத்தை களைத்துக் கிடந்தவர் அல்ல

"வழக்கமான தொழில்: ஹோம்மேக்கர். தொழில் வகை: சொந்த வீடு."

என் கணவரின் அம்மாவுடைய இறப்புச் சான்றிதழில், பிறந்த நாடு இத்தாலி என்பதற்குக் கீழே இப்படி இருக்கிறது. நியூ ஜெர்சி மாநிலம் இந்தக் குளிர்காலத்தில் கொடுத்த சான்றிதழ். பெயரின் எழுத்துகள், பிறந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் அவருடைய பழைய பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கின்றன. தொழிலைப் பற்றிய வரி மட்டும் பொய்.

பிழை என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அது பதிவானபோது நான் அதே அறையில் இருந்தேன். இறுதிச் சடங்கு நிலையத்தின் ஆள் கணினியைப் பார்த்தபடி, "அம்மா என்ன வேலை பார்த்தார்கள்?" என்று கேட்டார். கணவரின் அண்ணன், கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வேலைக்கெல்லாம் போனதில்ல."

"போயிருக்காங்க. கோட் ஃபேக்டரியில பட்டன் ஓட்டை தச்சாங்க," என்றேன்.

"யார் சொன்னா?"

"அவங்கதான்."

"எங்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லயே. எப்பப் பாரு, ஃபத்திகா, ஃபத்திகாம்பாங்க. பாவம், சின்ன வயசிலயே டயர்டா ஆயிட்டாங்க."

அந்த ஆள் அதற்குள் தட்டச்சு செய்து முடித்து, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலியில் 'ஃபட்டீக்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குக் களைப்பு என்று பொருள். பள்ளிக்கூட இத்தாலியனிலும் களைப்பு, பாடு என்ற பொருள்தான் முதலில் வருகிறது. ஆனால் அத்தை பள்ளிக்கூட இத்தாலியன் பேசியவர் இல்லை. நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம் இருக்கும் அவெல்லினோ மலைப்பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்தில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு அந்தச் சொல்தான். அகராதியிலும் பார்த்துவிட்டேன். மாமனார் வடக்கே ஃப்ரியூலிக்காரர், தளம் போடும் மேஸ்திரி. அவருக்கு மனைவியின் பேச்சு பட்டிக்காட்டுப் பேச்சு. வீட்டில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டார். அதனால் அத்தை "வேலைக்குப் போனேன்" என்று சொன்ன போதெல்லாம், பிள்ளைகளின் காதில் "களைப்பாயிருக்கு" என்று விழுந்திருக்கிறது. ஆயுள் முழுக்க.

எனக்கு அவரோடு பழக்கமானதே ஒரு சொல்லால்தான். கல்யாணமான புதிதில் பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் கோப்பையை நீட்டி, "அத்தே, காப்பி" என்றேன். அவர் மொழியில் "அ தே" என்றால் "உனக்கு". உனக்குக் காப்பி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தியாக்காரி இத்தாலியன் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்ன பிறகும், "அப்படியே கூப்பிடு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். மூத்தவன் பள்ளிக்கூடம் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தாராம். இருட்டோடு பஸ் ஏறுவார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு போலந்துக்காரப் பெண்மணி பார்த்துக்கொள்வார். கம்பளிக் கோட்டின் பஞ்சு மூக்கில் ஏறி, சாப்பாட்டில்கூட அதே வாசனை அடிக்கும் என்பார். மாமனாரோ, சர்ச் வாசலில் நின்று, "என் பெண்டாட்டி வேலைக்குப் போறவ இல்ல" என்று பெருமையடித்துக்கொள்வாராம். அருகில் நின்று அத்தை அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மாமனார் சொன்ன அந்தப் பொய் இப்போது அரசாங்க முத்திரையோடு இருக்கிறது.

திருப்பூரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் பொருமினேன்.

"இல்லத்தரசின்னு போட்டா என்ன கண்ணு தப்பு? அரசின்னுதான போட்டிருக்குது," என்றார்.

"பனியன் கம்பெனில பிசிறு வெட்டற பொம்பளைங்களையும் அப்படியே எழுதிரலாங்களாம்மா?"

"அதெப்படி எழுதுவாங்க? அவுங்க வேலைக்குப் போறவங்க."

"இவங்களும் போனவங்கதாம்மா."

"அப்ப உடாத," என்றார்.

சான்றிதழைத் திருத்தலாம். ஆனால் தகவல் கொடுத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர், "அண்ணன்கிட்ட மோதாத, அம்மாவே போயிட்டாங்க" என்றார். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். போய்விட்டவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் என் காதில் அது விழுந்தது.

அத்தை இறந்து ஒரு மாதம் ஆனதற்கான திருப்பலி முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, கணவரின் அண்ணனிடம் திருத்தப் படிவத்தை நீட்டினேன்.

"அப்பா என்ன சொன்னாரோ, அதைத்தான் நான் சொன்னேன்," என்றார்.

"சின்ன வயசுல காலையில எங்க இருப்பீங்க?"

"பக்கத்து வீட்ல. அந்தப் போலந்து ஆன்ட்டி உருளைக்கிழங்கு அடை சுட்டுத் தருவாங்க." அந்த நினைப்பிலேயே சிரித்தார்.

"அம்மா?"

"டாக்டர்கிட்ட போவாங்க. அப்பா அப்படித்தான் சொல்வார்."

"தினமுமா?"

"தினமும்தான்." சொன்ன வாயை அவர் மூடவில்லை. என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சனி, ஞாயிறு மட்டும் வீட்ல இருப்பாங்க," என்று அண்ணன் மெதுவாகச் சேர்த்தார். "டாக்டர் லீவுன்னு நெனச்சேன்."

"டாக்டருக்கு லீவு. சரி."

"கிண்டல் பண்ணாத. பேனா குடு."

தொழில் என்ற இடத்தில் 'தையல் இயந்திரம் இயக்குபவர்' என்று நான் எழுதினேன். தொழில் வகை என்ற இடத்தில் 'கோட் தயாரிப்பு' என்று அவர் தன் கையாலேயே எழுதினார். கையெழுத்துப் போட்டார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் கையெழுத்துப் போட்டது நல்ல காரியம்தான். ஆனால் அவர் அம்மா அதை அவரிடம் எத்தனையோ வருடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

திருத்திய பிரதி இன்னும் வரவில்லை. அந்தத் தொழிற்சாலை பஸ்ஸேக்கில் இருந்தது என்று அத்தை ஒருமுறை சொன்னார், கார்ஃபீல்டில் என்று இன்னொரு முறை. இரண்டும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கும் ஊர்கள். தன் நாத்தனாருடைய சமூகப் பாதுகாப்பு அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்ததாகவும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எந்தச் சம்பளப் பதிவிலும் அவர் பெயர் இருக்காது. சேர்ந்தது எந்தப் பெயரில் என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.